மோட்டார் வண்டியின் மின்சார ஜன்னல்

மோட்டார் வண்டியின் ஜன்னல் கண்ணாடியை ஏற்றவும் இறக்கவும், கதவின் உட்புறத்திலுள்ள ஒரு கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்த காலம் மறைந்துவருகின்றது. இப்பொழுது ஒரு ஸ்விட்சை விரல் நுனியால் அழுத்தினால் கண்ணாடி இறங்குகின்றது, இழுத்தால் ஏறுகின்றது. நாள்தோறும் இவ்வாறு ஏவல் செய்யும் சிறு மோட்டாரைப்பற்றி நாம் நினைப்பதேயில்லை. மழை பொழியும் மாலையொன்றில் கண்ணாடி ஏறவும் மாட்டாமல், இறங்கவும் மாட்டாமல் நடுவழியில் நின்றுவிடும்பொழுதுதான், அப்படியொரு பொருள் கதவினுள் ஒளிந்திருப்பது நம் நினைவிற்கு வருகின்றது. அப்பொழுது இருக்கை நனைகின்றது. வண்டியைப் பூட்டிவிட்டு அப்பாற் செல்லவும் இயலாது போகின்றது.

பட்டறைக்குக் கொண்டுசென்றால், "மோட்டார் போய்விட்டது" என்னும் இரண்டு சொற்களில் தீர்ப்புக் கூறப்படுகின்றது. புது மோட்டார் பூட்டப்படுகின்றது. ஓரிரண்டு ஆண்டுகளில் அதுவும் ஓய்ந்துவிட்டால், பொருளின் தரத்தைக் குறைகூறி மீண்டும் பணம் செலுத்துகின்றோம். ஆயின், மோட்டார் ஏன் போயிற்று என்னும் வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. மோட்டார் தேய்ந்துபோதல் பல சமயங்களில் நோயன்று, நோயின் விளைவேயாம். நோய் வேறோர் இடத்தில், கண்ணாடி ஓடும் வழியில் இருக்கின்றது. அதனைத் தீர்க்காது மோட்டாரை மட்டும் மாற்றுதல், பாரம் மிகுந்த வண்டியில் மாடு களைத்து விழுந்தபொழுது, பாரத்தைக் குறையாது வேறொரு மாட்டைப் பூட்டுதலை ஒக்கும். இதனை விளக்கி, பொறுமையுள்ள ஒருவர் தம் வீட்டு முற்றத்திலேயே இவ்வேலையைச் செய்து முடிக்கும் முறையையும், அதிலுள்ள அபாயங்களையும் எடுத்துக்கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றம்

ஜன்னலை யந்திர சக்தியால் இயக்கும் வழக்கம் அமெரிக்காவில் தோன்றியது. பாக்கார்டு கம்பெனியார் 1941-ஆம் ஆண்டு மாதிரியாக வெளியிட்ட 180 வரிசை வண்டிகளில் இவ்வசதியை அமைத்தனர். அக்காலத்து அமைப்பில் மின்சாரம் நேரே கண்ணாடியை உயர்த்தவில்லை. மின்சாரத்தால் ஓடும் பம்பு ஒன்று திரவத்தை அழுத்த, அவ்வழுத்தமே ஒவ்வொரு கதவிலும் இருந்த உருளைகளின் வாயிலாகக் கண்ணாடியை ஏற்றியது. குழாய்கள் கசிவதும், அத்திரவம் வண்டியின் வர்ணத்தையும் விரிப்பையும் கெடுப்பதும் அம்முறையின் குறைகளாயிருந்தன. பின்னர், 1951-ஆம் ஆண்டில், கிரைஸ்லர் கம்பெனியாரின் இம்பீரியல் வண்டியில் ஒவ்வொரு கதவிற்கும் தனித்தனி மின்சார மோட்டார் வைக்கும் முறை வந்தது. இன்று எளிய சிறு வண்டிகளிலும் நாம் காண்பது அம்முறையின் வழிவந்ததேயாகும்.

கதவினுள் இருப்பன

கதவின் உட்பலகையை நீக்கிப் பார்த்தால் நான்கு உறுப்புக்கள் புலப்படும். முதலாவது கண்ணாடி. இரண்டாவது, கண்ணாடியின் இரு பக்க விளிம்புகளும் ஓடுவதற்கென அமைத்த ரப்பர் பள்ளங்கள். மூன்றாவது, கண்ணாடியைத் தாங்கி மேலுங் கீழும் செலுத்தும் இரும்பமைப்பு. இதனைத் தொழிலாளர் ரெகுலேட்டர் என்பர். நான்காவது, அதனை இயக்கும் மோட்டார்.

ரெகுலேட்டர் இருவகைப்படும். ஒருவகையில் கத்தரிக்கோல் போன்ற இரும்புக் கைகள், பல்வெட்டிய விசிறி வடிவமான தகடு ஒன்றால் அசைந்து, கண்ணாடியை உயர்த்தும். இவ்வகையில், கண்ணாடியின் எடையை ஒருவாறு ஈடுசெய்வதற்காக வலிமை மிக்க சுருள்வில் ஒன்றும் பெரும்பாலும் சேர்க்கப்பட்டிருக்கும். மற்றொரு வகையில் எஃகுக் கம்பிவடம் ஒன்று ஓர் உருளையிற் சுற்றப்பட்டு, கப்பிகளின்மேல் ஓடி, கண்ணாடியைப் பற்றிய தாங்கியை இழுக்கும். இக்காலத்துச் சிறு வண்டிகளில் பெரும்பாலும் காணப்படுவது இவ்விரண்டாம் வகையே.

மோட்டாரின் உள்ளே நிலைக்காந்தங்களின் நடுவில் செம்புக் கம்பி சுற்றிய சுழலி ஒன்று இருக்கின்றது. பிரஷ் எனப்படும் இரு கரித்துண்டுகள் அச்சுழலியின் செம்பு வளையத்தை உராய்ந்துகொண்டு அதற்கு மின்சாரம் ஊட்டுகின்றன. சுழலியின் தண்டு நுனியில் திருகாணியின் மறைபோலப் புரி வெட்டப்பட்டிருக்கும். அப்புரி ஒரு பற்சக்கரத்தோடு பொருந்தி, வேகமான சுழற்சியை மெதுவான, ஆனால் வலிமையுள்ள சுழற்சியாக மாற்றுகின்றது. இவ்வமைப்பில் வியக்கத்தக்க தன்மை ஒன்றுண்டு: புரியானது சக்கரத்தைச் சுழற்றும், சக்கரமோ புரியைச் சுழற்ற மாட்டாது. ஆதலின், மின்சாரம் நின்ற பின்னும் கண்ணாடி நின்ற இடத்திலேயே நிற்கின்றது. வெளியிலிருந்து ஒருவன் அதனைக் கையால் அமுக்கி இறக்க முயன்றாலும் அது எளிதில் இறங்குவதில்லை. தனியாக ஒரு பூட்டு இல்லாமலே பூட்டின் வேலையை அப்புரி செய்கின்றது.

ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் ஒரே மோட்டார்தான். மோட்டாரின் இரு முனைகளிலும் மின்சாரம் பாயும் திசையை ஸ்விட்சு மாற்றிவிட, சுழற்சியின் திசையும் மாறுகின்றது.

மோட்டார் ஏன் தேய்கின்றது?

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தல் நலம். கண்ணாடியின் எடை 4 கிலோகிராம் என்றும், அது 4 விநாடியில் அரை மீட்டர் உயர்கின்றது என்றும் வைத்துக்கொள்வோம். 4 கிலோகிராம் எடையைத் தூக்க ஏறக்குறைய 40 நியூட்டன் விசை வேண்டும். அரை மீட்டர் தூக்குவதற்கு ஆகும் வேலை 20 ஜூல். அதனை 4 விநாடியிற் செய்ய வேண்டிய சக்தி 5 வாட்டேயாம். நல்ல நிலையிலுள்ள மோட்டார் 12 வோல்ட்டில் 6 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்குமாயின், அது உட்கொள்ளும் சக்தி 72 வாட். தூக்குவதற்கு வேண்டியது 5 வாட். செலவாவது 72 வாட்! எஞ்சிய 67 வாட் எங்கே சென்றது? ஒரு பகுதி மோட்டாரின் சுருளில் உஷ்ணமாகவும், ஒரு பகுதி புரியின் உராய்விலும், மற்றொரு பகுதி கண்ணாடிக்கும் ரப்பர் பள்ளத்திற்கும் இடையேயுள்ள உராய்விலும் கழிந்தது. எனவே, மோட்டார் போராடுவது கண்ணாடியின் எடையோடு அன்று, உராய்வோடேயாம்.

வண்டி பழையதாக ஆக, ரப்பர் வெயிலிற் காய்ந்து கடினமாகின்றது. புழுதி பள்ளங்களில் படிந்து மாவுபோல் இறுகுகின்றது. ரெகுலேட்டரின் மசகு உலர்ந்து மெழுகாகின்றது. மோட்டார் 6 ஆம்பியருக்குப் பதிலாக 12 ஆம்பியர் இழுக்கத் தொடங்குகின்றது. சுருளில் உண்டாகும் உஷ்ணம் மின்சார அளவின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதைப் பௌதிக மாணவர் அறிவர். மின்சாரம் இரு மடங்கானால் உஷ்ணம் நான்கு மடங்காகும். உஷ்ணத்தால் கரித்துண்டுகள் விரைவில் தேய்கின்றன. அவற்றின் பொடி செம்பு வளையத்தின் பிளவுகளில் அடைகின்றது. மோட்டாரின் வலிமை குறைய, கண்ணாடி மேலும் மெதுவாக ஏறுகின்றது. ஏறும் நேரம் நீள, உஷ்ணம் மேலும் பெருகுகின்றது. ஒரு தீமை மற்றொன்றை வளர்க்கும் இச்சுழலில்தான் மோட்டார் மாள்கின்றது.

கண்ணாடி முற்றும் ஏறிய பின்னரும் ஸ்விட்சை விடாது பிடித்திருக்கும் பழக்கமும் தீமையே. சுழலாது நிற்கும் மோட்டார், சுழலும் மோட்டாரைக் காட்டிலும் பன்மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அதனைக் காப்பதற்காகவே பல மோட்டார்களில் உஷ்ணம் மிகுந்தால் மின்சாரத்தைத் தடுக்கும் சிறு காப்புறுப்பு ஒன்று வைக்கப்பட்டிருக்கின்றது. நடுவழியில் நின்ற கண்ணாடி ஐந்து நிமிஷம் கழித்துத் தானே மீண்டும் ஓடுமானால், அது அக்காப்புறுப்பின் செயலென்று கொள்க. அத்தகைய மோட்டார் இன்னும் சாகவில்லை. உதவிக்குக் குரல் கொடுக்கின்றது. அந்நிலையிலேயே பள்ளங்களைத் துப்புரவு செய்தால் அது பல்லாண்டு உழைக்கக்கூடும்.

குற்றம் எங்கேயுள்ளது?

திருப்புளியைக் கையில் எடுக்குமுன் செவியையும் கண்ணையும் பயன்படுத்துதல் வேண்டும். ஸ்விட்சை இயக்கும்பொழுது கதவினுள் எவ்வொலியும் எழவில்லையாயின், மின்சாரம் மோட்டாரைச் சென்று சேரவில்லை, அல்லது சேர்ந்தும் அது சுழலவில்லை என்று பொருள். எல்லா ஜன்னல்களும் ஒருங்கே நின்றிருந்தால் முதலிற் பார்க்க வேண்டுவது ப்யூஸ். ஒரு ஜன்னல் மட்டும் அதன் கதவிலுள்ள ஸ்விட்சுக்கு அசையாமல், ஓட்டுபவர் பக்கத்து ஸ்விட்சுக்கு அசைந்தால் குற்றம் ஸ்விட்சினுடையது. கதவைத் திறந்தும் மூடியும் ஆட்டும்பொழுது விட்டுவிட்டு ஓடினால், கீல் பக்கத்தில் ரப்பர் உறையினூடே செல்லும் கம்பிகளுள் ஒன்று வளைந்து வளைந்து முறிந்திருக்கும். ஸ்விட்சைப் பிடித்தபடி கதவின் உட்புறத்தை உள்ளங்கையால் மெல்லத் தட்ட, மோட்டார் சட்டென்று உயிர்பெறுமாயின், கரித்துண்டுகள் தேய்ந்து வளையத்தைச் சரிவரத் தொடவில்லை என்று துணியலாம்.

மோட்டாருக்குச் செல்லும் இணைப்பைக் கழற்றி, அதன் இரு முனைகளுக்கும் இடையில் ஒரு விளக்கை வைத்துச் சோதிப்பது நல்ல முறை. வண்டியின் முன்விளக்கிற்குரிய 55 வாட் பல்பு இதற்கு ஏற்றது. அது நாலரை ஆம்பியருக்குச் சற்று மேலாக மின்சாரம் இழுக்குமாதலால், கம்பியின் ஒரே இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் குறையையும் அது காட்டிவிடும். ஸ்விட்சை ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் மாற்றி இயக்கும்பொழுது இரு முறையும் விளக்குப் பிரகாசமாக எரிந்தால் கம்பியும் ஸ்விட்சும் நலமாயிருக்கின்றன. மங்கலாக எரிந்தால் வழியில் எங்கோ தடையுண்டு. மின்சாரத்தைக் கட்டளைப்பெட்டி ஒன்று கதவிலேயே ஆளுகின்ற புதுவகை வண்டிகளில் இச்சோதனையைச் செய்தலாகாது. அவற்றிற்கு வண்டியுடன் வரும் கைந்நூலின் வழியே சிறந்தது.

மோட்டார் சுழலும் ஒலி கேட்டும் கண்ணாடி அசையாதிருப்பது மற்றொரு நிலை. கம்பிவட அமைப்பாயின் வடம் அறுந்திருக்கும், அல்லது தாங்கியின் பிளாஸ்டிக் உறுப்பு உடைந்திருக்கும். இரும்புக்கை அமைப்பில் நேரக்கூடியதற்கு அமெரிக்காவில் 1980-களிலும் 1990-களின் முற்பகுதியிலும் விற்கப்பட்ட ஃபோர்டு எஃப்-150 வண்டியை உதாரணமாகக் கூறலாம். அதன் ஜன்னல் மோட்டாரில், பற்சக்கரத்திற்கும் வெளித்தண்டிற்கும் இடையே அதிர்ச்சியைத் தாங்குவதற்காக மூன்று சிறு நைலான் கட்டைகள் வைக்கப்பட்டிருந்தன. வயதேற அவை பொடிந்துபோயின. சக்கரம் சுழலும்; வெளித்தண்டு சுழலாது. அறியாதவர் முழு மோட்டாரையும் மாற்றினர். அறிந்தவர் மூடியைத் திறந்து, பொடியை வழித்தெறிந்துவிட்டு, மிகக் குறைந்த விலையுள்ள மூன்று கட்டைகளை வைத்து மூடினர். சிலர் அக்கட்டைகளுக்குப் பதிலாக இரும்பு நட்டுக்களை வைத்தனர். அது நன்றன்று. கண்ணாடி உச்சியில் மோதும்பொழுது எழும் அதிர்ச்சியைத் தாங்கும் மெத்தை அங்கே இல்லாதொழிய, அவ்வதிர்ச்சி பற்களைத் தாக்கும்.

முன்னேற்பாடுகள்

மோட்டாரே குற்றமுடையது என்று துணிந்தபின் செய்ய வேண்டுவனவற்றை முறையே கூறுவோம்.

முதலாவது, கண்ணாடியை இயன்றவரை உச்சிக்கு ஏற்றி, அகலமான ஒட்டுநாடாவால் கதவுச் சட்டத்தின்மேல் இருபுறமும் இழுத்து ஒட்ட வேண்டும். கண்ணாடியின் ஓரங்களில் ரப்பர் ஆப்பு வைத்தாலும் நலம். பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் சூடேற்றிக் குளிர்வித்து வலுவேற்றப்பட்டவை. நடுவில் பெரிய அடியையும் தாங்கும் அக்கண்ணாடி, விளிம்பில் ஓர் இரும்பு முனை பட்டால் முழுவதும் சிறு மணிகளாகச் சிதறிவிடும்.

இரண்டாவது, பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுதல். பக்கக் காற்றுப்பைகள் உள்ள வண்டிகளில், அதன்பின்னும் கைந்நூல் கூறும் நேரம் காத்திருத்தல் இன்றியமையாதது. மஞ்சள் நிற இணைப்புக்கள் பெரும்பாலும் காற்றுப்பையைச் சார்ந்தவை, அவற்றைத் தொடலாகாது.

மூன்றாவது, தோலுறையோ தடித்த துணியுறையோ கைகளுக்கு அணிதல். கதவின் உட்தகடுகள் விளிம்பு மழுக்கப்படாதவை, கத்தியைப்போல் அறுக்கும்.

உட்பலகையைக் கழற்றுமுன் கைப்பிடி, தாழ் இவற்றின் அடியில் மறைந்துள்ள திருகாணிகளைத் தேடி எடுக்க வேண்டும். பின்னர், அகன்ற பிளாஸ்டிக் நெம்பினால் விளிம்பைச் சுற்றிச் சிறிது சிறிதாக நெம்பினால், பலகையைப் பற்றியிருக்கும் பிளாஸ்டிக் ஆணிகள் ஒவ்வொன்றாக விடும். பலகையைச் சடுதியில் இழுத்தலாகாது. அதன் பின்னால் ஸ்விட்சுக் கம்பிகளும் தாழ்க்கம்பியும் இணைந்திருக்கும். கழற்றிய திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தட்டில் வைப்பதும், ஒவ்வொரு படியையும் படம் பிடித்துக்கொள்வதும் பின்னால் மிகுந்த பயன் தரும். பலகையின் பின்னுள்ள பிளாஸ்டிக் தாளைக் கிழியாமல் பிரித்தெடுக்க வேண்டும். அதனை வீண் பொருளென்று எறிபவர் பலர். கண்ணாடியின் புறத்தே வழிந்து கதவினுள் இறங்கும் மழைநீர் இருக்கைப் பக்கம் வராமல், கதவின் அடியிலுள்ள துளைகள் வழியே வெளியேறுமாறு தடுப்பது அத்தாளேயாகும்.

மாற்றும் முறை

இனிவரும் பகுதியில்தான் பெரிய அபாயம் இருக்கின்றது. இரும்புக்கை ரெகுலேட்டரில் சுருள்வில் முறுக்கேறிய நிலையில் இருக்குமென்று மேலே கூறினோம். அவ்வில்லின் விசையை அடக்கிப் பிடித்திருப்பது மோட்டாரின் புரியேயாகும். மோட்டாரைக் கழற்றிய கணத்தில் அப்பிடி விடுபட, பல்வெட்டிய தகடு மிக்க வேகத்தோடு சுழலும். அதன் வழியிலுள்ள விரல் நசுங்கும், துண்டிக்கப்படவும் கூடும். ஆதலால், மோட்டாரின் ஒரு திருகாணியையும் தளர்த்துவதற்கு முன்னரே, விசிறித் தகட்டையும் அதன் பின்னுள்ள நிலைத் தகட்டையும் சேர்த்து ஓர் உறுதியான பிடிப்பானால் இறுக்கவேண்டும். அல்லது இரண்டிற்கும் ஊடே ஒரு போல்ட்டைச் செலுத்தி நட்டால் முடுக்கவேண்டும். கண்ணாடியை ஒட்டியிருக்கின்றோமே, அது போதாதா என்று ஒருவர் வினவலாம். போதாது. ஒட்டுநாடா கண்ணாடியின் எடையைத் தாங்குவதற்கேயன்றி, வில்லின் விசையைத் தாங்குவதற்கன்று. கம்பிவட அமைப்பில் இவ்வில் பெரும்பாலும் இல்லை; ஆயினும் உருளையினின்று வடம் குலைந்து சிக்குறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சில வண்டிகளில் மோட்டாரின் திருகாணிகள் யாவும் கண்ணுக்குப் புலப்படும். முன்னர்க் குறித்த எஃப்-150 போன்றவற்றில் அவற்றுட் சில கதவின் உட்தகட்டிற்குப் பின்னே மறைந்திருக்கும். அவ்விடத்தைக் காட்டும் சிறு குழிகள் தகட்டிலே குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அங்கே ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் அளவுள்ள துளையிட்டால் ஸ்பானர் நுழையும். துளையிடுமுன் தகட்டின் பின்னால் கம்பி ஓடுகின்றதா என்று பார்ப்பதும், துளையின் விளிம்பை அரத்தால் மழுக்கி, துருப்பிடியாமல் வர்ணம் பூசுவதும் அவசியம். ரெகுலேட்டரையே எடுக்கவேண்டியிருந்தால் அதனைப் பிடித்திருக்கும் ரிவெட்டுக்களின் தலையைத் துரப்பணத்தால் அறுத்து நீக்க நேரிடும்.

பழைய மோட்டாரை எடுத்தபின் புதியதை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க. வலக்கதவு மோட்டாரும் இடக்கதவு மோட்டாரும் கண்ணாடியில் தோன்றும் பிம்பங்கள்போல மாறுபட்டிருக்கும். பற்களின் எண்ணிக்கையும் திருகாணித் துளைகளின் இடமும் இணைப்பின் வடிவமும் ஒத்திருத்தல் வேண்டும்.

நோயின் மூலத்தைத் தீர்த்தல்

மோட்டார் வெளியில் இருக்கும் இந்நேரமே மெய்யான வைத்தியத்திற்குரிய நேரம். அவசரக்காரர் இதனைக் கடந்து செல்வர். நம் வேலையின் பலன் முழுவதும் இதனிடத்தேயே இருக்கின்றது.

கண்ணாடியை ரெகுலேட்டரினின்று பிரித்து, இரு கைகளாலும் பிடித்து, பள்ளங்களில் மேலுங் கீழும் நகர்த்திப் பார்க்க வேண்டும். அது எளிதாக ஓடினால் நன்று. எங்கேனும் பற்றி நின்றால், அதுவே பழைய மோட்டாரைக் கொன்ற இடம். சோப்பு நீரில் நனைத்த துணியை ஒரு மெல்லிய பட்டைக்கோலிற் சுற்றிப் பள்ளம் முழுவதும் துடைத்து, உலரவிட்டு, சிலிக்கோன் மசகைச் சிறிதளவு தெளிக்கவேண்டும். இவ்விடத்தில் என்ஜின் எண்ணெயையோ கிரீஸையோ பூசுவது பெருந்தவறு. பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊதச்செய்து கெடுப்பதோடு, புழுதியையும் பிடித்துவைக்கும். கிழிந்தும் சுருங்கியும் போன ரப்பரை மாற்றிவிடுதலே தக்கது. ரெகுலேட்டரின் பற்களிலும் உருளைகளிலும் உள்ள பழைய மெழுகைச் சுரண்டிவிட்டு, அங்கே மட்டும் புதிய கிரீஸ் வைக்கலாம். கதவின் அடித்துளைகளில் அடைந்துள்ள மண்ணை ஒரு குச்சியால் குத்திவிடுக. நீர் தேங்கிய கதவில் மோட்டாரும் வாழாது, தகடும் வாழாது.

பிறகு மோட்டாரை அதன் இடத்திற் பொருத்தி, பற்கள் ஒன்றோடொன்று இசைந்தனவா என்று பார்த்து, எல்லாத் திருகாணிகளையும் பூட்டிய பின்னரே விசிறித் தகட்டின் பிடிப்பானை எடுக்க வேண்டும். உட்பலகையை மூடுமுன் பாட்டரியை இணைத்து, ஒட்டுநாடாவை நீக்கி, கதவினுள் கை எதுவும் இல்லையென்று உறுதிசெய்துகொண்டு, ஜன்னலை இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கிச் சோதிக்க. கண்ணாடி சாய்ந்து ஏறினால் அதன் தாங்கித் திருகாணிகளைத் தளர்த்தி நிமிர்த்துக. எல்லாம் செவ்வையாயின், பிளாஸ்டிக் தாளை விளிம்பு முழுவதும் ஒட்டி, பலகையை மூடலாம்.

ஒரு முறை தொட்டால் தானே முழுவதும் ஏறும் ஜன்னல்களில், பாட்டரியைக் கழற்றிய காரணத்தால் யந்திரம் தன் எல்லைகளை மறந்திருக்கும். ஸ்விட்சைக் கடைசிவரை பிடித்துச் சில விநாடி விடாதிருத்தல் முதலிய முறைகளால் அதற்கு மீண்டும் கற்பிக்க வேண்டும். வண்டிக்கு வண்டி இம்முறை வேறுபடும்.

குழந்தைகளின் பொருட்டு

நன்றாக உழைக்கும் ஜன்னல், உழைக்காத ஜன்னலினும் அபாயமானது என்பதை மறத்தலாகாது. களைத்த மோட்டார் ஒரு குழந்தையின் கையைப் பற்றினால் நின்றுவிடக்கூடும். புதிய மோட்டார் அவ்வாறு எளிதில் நிற்காது. ஜன்னலில் தலையை நீட்டிய குழந்தையின் முழங்கால் ஸ்விட்சை மிதிக்க, கண்ணாடி கழுத்தை நெரித்து உயிர் போன துயரங்கள் நிகழ்ந்திருக்கின்றன. இதனாலேயே அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்றின்படி, இழுத்தாலன்றிக் கண்ணாடி ஏறாதவாறு ஸ்விட்சுக்களை அமைக்கும் விதி செய்யப்பட்டது. அழுத்தினால் இறங்கும், இழுத்தால் மட்டும் ஏறும். தானே ஏறும் ஜன்னல்களுக்கு அந்நாட்டின் 118-ஆம் பாதுகாப்பு விதி, தடைப்பட்ட பொருளின்மேல் 100 நியூட்டன் விசை செல்லுமுன் கண்ணாடி திரும்பி இறங்க வேண்டும் என்று வகுக்கின்றது. அது ஏறக்குறைய 10 கிலோகிராம் எடையின் அழுத்தமாகும்.

ஆகவே, தானே திரும்பும் வசதியுள்ள வண்டியாயின், வேலை முடிந்தபின் அவ்வசதி வேலை செய்கின்றதா என்று பார்த்தல் கடமை. சுருட்டிய தடித்த காகிதத்தை ஜன்னலின் இடையே நீட்டிச் சோதிக்க; எக்காரணத்தாலும் கையை நீட்டற்க. அவ்வசதியில்லாத வண்டியில், ஓட்டுபவர் பக்கத்திலுள்ள தடுப்பு ஸ்விட்சைப் பயன்படுத்துவதும், குழந்தைகளைச் சாவியுடன் வண்டியில் தனியே விடாதிருப்பதும் நம் பொறுப்பாகும்.

இவ்வேலைக்கு வேண்டிய கருவிகள் சில. நேரம் ஒரு முற்பகல். சுருள்வில்லை அடக்கும் வழி புலப்படவில்லையாயினும், காற்றுப்பையின் இணைப்பு குறுக்கிட்டாலும் அவ்வளவில் நிறுத்தி, தேர்ந்த தொழிலாளரை அழைப்பதில் இழிவொன்றுமில்லை. அப்பொழுதும் நாம் கற்றது வீண்போகாது. "மோட்டார் போய்விட்டது" என்று அவர் கூறும்பொழுது, "பள்ளத்தில் கண்ணாடி கையால் தள்ள ஓடுகின்றதா?" என்று வினவும் அறிவு நமக்கு உண்டாகியிருக்கும். அவ்வினாவைக் கேட்ட தொழிலாளர், தம் வேலையை அறிந்த ஒருவர் எதிரே நிற்கின்றார் என்று உணர்ந்து மகிழ்வர். வேலையும் செவ்விதாக முடியும். வகுப்பறையில் நாம் கற்ற உராய்வும் உஷ்ணமும் வர்க்க விதியும் பரீட்சைத் தாளோடு நின்றுவிடுவனவல்ல. நாம் அன்றாடம் சாய்ந்து அமரும் கதவினுள்ளும் அவை இடையறாது தம் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன.